எந்த கொமாண்டோ பெஸ்ட் எண்டு கேட்ட மருமகனுக்கு

போன கிழமை கல்லடி பீச்சில கொத்து வாங்கிக்கொண்டு மணல்ல குந்தி இரிக்கக்குள்ள அக்காட மகனும் அவன்ட கூட்டாளிமார் மூணு பேரும் ஒரே சண்டை, அமெரிக்காட நேவி சீல் பெஸ்டா பிரிட்டன்ட எஸ்ஏஎஸ் பெஸ்டா, இடையில ஒருத்தன் இந்தியாட நேவிக் கொமாண்டோ மார்கோஸ் எண்டுறான், இன்னொருத்தன் போன தூக்கி யூடியூப் வீடியோ ஒண்டக் காட்டுறான், அதில மார்க் போட்டு டாப் டென் லிஸ்ட். கடைசியில "மாமா, நீங்க சொல்லுங்க, எது பெஸ்ட்?" எண்டு என்னட்டத் திருப்பிட்டான். கொத்து ஆறமுன்னம் சொல்லி முடிக்கிற விஷயமில்ல மனே, எழுதி அனுப்புறன் எண்டு சொன்னன். அதுதான் இது.

முதல்ல ஒண்டச் சொல்லிட்டு வாறன். உங்களுக்கு கொமாண்டோ எண்டா வீடியோ. எங்கட வயசுக்காரருக்கு அது ரோட்டில நிண்ட ஆள். தொண்ணூறுகள்ல ட்யூஷனுக்குப் போகக்குள்ள செக்பொயின்ற்ல சைக்கிள விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகணும், உடுப்பில இரிக்கிற வரி, சப்பாத்து, துவக்குப் பிடிச்சிருக்கிற விதம், இதப் பார்த்தே தூரத்தில வெச்சே சொல்லிடுவம் இது ஆமியா, அதிரடிப்படையா, பொலிசா எண்டு. அதுக்கேத்த மாதிரித்தான் ஐசிய எப்ப வெளிய எடுக்கிறது, கண்ணப் பார்த்துக் கதைக்கிறதா குனிஞ்சு கதைக்கிறதா எண்டு முடிவெடுக்கிறது. ஒரு நாள் ஒருத்தர் என்ட புட்டுப் பார்சலத் திறக்கச் சொல்லி ஒரு ஈர்க்கால குத்திக் குத்திப் பார்த்தார், பார்த்துட்டு அந்த ஈர்க்க எறியாம திரும்ப மணல் மூட்டையில அழகாக் குத்தி வெச்சார், அடுத்த பார்சலுக்கு. நல்ல ட்ரெயினிங் எண்டு அண்டைக்கு நினைச்சன். இண்டைக்கும் புட்டக் கண்டா அந்த ஈர்க்குத்தான் ஞாபகம் வரும்.

சரி, ட்ரெயினிங்குக்கு வருவம், வீடியோக்காரங்க எல்லாம் விழுந்து கிடக்கிறது அதிலதானே.

அமெரிக்காட நேவி சீல் எண்டா கலிபோர்னியாவில கொரனாடோ கடற்கரையில நடக்கிற 24 கிழமை ட்ரெயினிங். அதுக்குள்ள வாற ஹெல் வீக் எண்டுறதுதான் எல்லாருக்கும் தெரியும், ஞாயிறு பின்னேரம் தொடங்கி வெள்ளி வரைக்கும் அஞ்சரை நாள், அவ்வளவு நாளுக்கும் சேர்த்து நித்திரை ஒரு நாலு மணித்தியாலம், ஓட்டம் மட்டும் 320 கிலோமீற்றருக்கு மேல வரும் எண்டு அவங்கட நேவியே சொல்லுது. மட்டக்களப்பில இருந்து கொழும்பு அவ்வளவு தூரம்தான் எண்டு வெச்சுக்கொள்ளுங்க, அத ஈரக் காற்சட்டையோட மணல்ல. தோணியத் தலையில தூக்கணும், குளிர் கடல்ல கைகோர்த்துக்கொண்டு கிடக்கணும். முத்தத்தில ஒரு பித்தளை மணி தொங்கும். முடியல்ல எண்டவன் போய் மூணு தரம் அடிச்சிட்டு ஹெல்மெட்டக் கழட்டி வரிசையில வெச்சிட்டு ஊட்ட போகலாம். பக்கத்தில கோப்பியும் கம்பளியும் ரெடியா இரிக்கும், அதுதான் பொல்லாத வேலை. வந்த ஆக்கள்ல முக்கால்வாசிக்குக் கிட்ட விலகிடுவாங்க.

எஸ்ஏஎஸ் அப்பிடியில்ல. பிரிட்டன்ல வேல்ஸ் பக்கம் ப்ரெக்கன் பீக்கன்ஸ் எண்டுற மலையில நடக்கும். அங்க ஒருத்தரும் கத்தமாட்டாங்க, மணியும் இல்ல, டீமும் இல்ல. காலையில ஒரு மெப், ஒரு கொம்பஸ், முதுகில 20, 25 கிலோ பேக், கையில துவக்கு. இந்த இடத்துக்குப் போ எண்டு ஒரு நம்பர் குடுப்பாங்க. அங்க போனா இன்ஸ்ட்ரக்டர் ஒருத்தர் டென்டுக்குள்ள இருந்து அடுத்த நம்பரச் சொல்லுவார், அவ்வளவுதான், நீ கெட்டிக்காரன் எண்டும் சொல்லமாட்டார் பிந்திட்டாய் எண்டும் சொல்லமாட்டார், எத்தின மணித்தியாலத்துக்குள்ள வரணும் எண்டதும் சொல்லமாட்டாங்க. கடைசி நடை 64 கிலோமீற்றர், 20 மணித்தியாலத்துக்குள்ள. மறுகா காட்டு ட்ரெயினிங், மறுகா பிடிபட்டா எப்பிடி வாய் திறக்காம இரிக்கிறது எண்டுற விசாரணைச் சோதனை. நூறு பேர் வந்தா பத்துப் பேர் மாதிரித்தான் மிஞ்சுவாங்க.

இந்த ரெண்டையும் நான் ஏன் விரிச்சுச் சொல்லுறன் எண்டா, எது கஷ்டம் எண்டு அளக்க இல்ல. ரெண்டு பேரும் ரெண்டு விதமான ஆளத் தேடுறாங்க. கடல்ல ஒரு தோணியில ஏழு பேர் போனா ஒருத்தன் கைவிட்டாலும் எல்லாரும் தாழணும், அதனால சீல்காரன் பக்கத்தில இரிக்கிறவனுக்காகத் தாங்கிற ஆளத் தேடுறான். எஸ்ஏஎஸ் தேடுறது தனிய விட்டா, ஒருத்தரும் பார்க்காட்டி, ஒருத்தரும் பாராட்டாட்டி, அப்பவும் நடக்கிற ஆள. நம்மட ஊரில ரெண்டு மாதிரியும் இரிக்காங்கதானே, கரவலை இழுக்கிற ஆளும் இரிக்கார், தனியத் தோணியில போய் இரவு முழுக்கத் தூண்டில் போடுற ஆளும் இரிக்கார், இவர்ல ஆர் பெஸ்ட் எண்டு ஒருத்தரும் கேக்கிறல்ல.

அதோட இந்த ட்ரெயினிங் ஆளக் கொல்லவும் செய்யும். 2013 ஜூலையில அதே ப்ரெக்கன் மலையில எஸ்ஏஎஸ் ரிசேர்வுக்கு வந்த மூணு பேர் வெயில்ல செத்தாங்க. அண்டைக்கு அங்க இருந்த வெயில் நமக்குக் கணக்கே இல்ல, இஞ்ச மாசி மாசமே அப்பிடித்தான். ஆனா குளிர் ஊர் உடம்பு, முதுகில சுமை, ஏத்தம், நிண்டா பெயில் எண்டுற பயம். ஆள் எங்க நிக்கிறான் எண்டு காட்டுற ட்ரெக்கர் மெஷின் அவங்கட பேக்கில இருந்தது, அது ஒரே இடத்தில அசையாம நிண்டதக் கவனிச்சு ஆக்கள் ஓடிப்போக நேரம் போயிட்டு. விசாரணையில கவனக்குறைவு எண்டுதான் வந்தது.

நம்மட நாட்டிலயும் இரிக்கு, கன தூரமும் இல்ல. ஆமிட ஸ்பெஷல் போர்ஸ் ட்ரெயினிங் ஸ்கூல் மாதுறு ஓயாவில, அந்த ஆறு நம்மட மாவட்டத்துக்குள்ளால வந்துதான் கடல்ல விழுது. கொமாண்டோ ரெஜிமென்ட் வேற, அதின்ட ஸ்கூல் ஊவா குடாஓயாவில. அதிரடிப்படை எண்டுறது ஆமியே இல்ல, பொலிஸ், அதின்ட ஸ்கூல் களுத்துறைக்குக் கிட்ட கட்டுகுருந்தவில. பொடியன்மார் இந்த மூண்டையும் ஒண்டாக் குழப்பி அடிக்கிறாங்க, அதுக்காகச் சொன்னன்.

இப்ப ரெக்கோட்டுக்கு வருவம். இஞ்சதான் என்ட கதை.

எஸ்ஏஎஸ் 1941ல எகிப்தில டேவிட் ஸ்டேர்லிங் எண்டுற ஒரு இளம் ஒபிசர் தொடக்கினது. முதல் ஒப்பரேஷன் அந்த வருஷம் நவம்பர். இரவில பரசூட்டில குதிச்சு ஜெர்மன்காரன்ட விமானத் தளங்கள அடிக்கிற ப்ளேன். அண்டைக்கெண்டு பாலைவனத்தில புயல். குதிச்சது ஐம்பது சொச்சம் பேர், திரும்பி வந்தது இருபது சொச்சம். ஒரு விமானம் கூட அழிக்கல்ல. அந்த நேரம் ஆராவது டாப் டென் லிஸ்ட் போட்டிருந்தா எஸ்ஏஎஸ் கடைசி. அடுத்த மாசமே அதே ஆக்கள் போய் ஒரே தளத்தில இருபதுக்கு மேல விமானங்கள நாசமாக்கிட்டு வாறாங்க. ஒரு மாசத்தில ட்ரெயினிங் கூடிட்டா? இல்ல. பரசூட்ட விட்டுட்டு, பாலைவனம் பழகின இன்னொரு படைட லொறியில ஏறிப் போனாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். போற வழி மாறினதும் ரெக்கோட் மாறிட்டு.

இதே கதை அமெரிக்காவுக்கும் நடந்தது, இன்னும் மோசமா. எஸ்ஏஎஸ்ஸோட கொஞ்ச நாள் வேலை செய்த சார்ள்ஸ் பெக்வித் எண்டுற ஒபிசர் 1977ல டெல்டா போர்ஸ உருவாக்கினார், செலக்‌ஷன் நடையெல்லாம் அப்பிடியே எஸ்ஏஎஸ் பார்த்துச் செய்தது. 1980 ஏப்ரல்ல ஈரான்ல பிடிபட்டிருந்த ஐம்பதுக்கு மேல அமெரிக்கர்கள மீட்கப் போனாங்க. கப்பல்ல இருந்து எட்டு ஹெலி கிளம்பினது, ஆகக் குறைஞ்சது ஆறு வேணும். ஒண்டு இறக்கை பழுதெண்டு வழியில விட்டாங்க, ஒண்டு புழுதிப் புயல்ல திரும்பிட்டு, பாலைவனத்தில சந்திக்கிற இடத்துக்கு ஆறு வந்து சேர்ந்து அதில ஒண்டுக்கு ஹைட்ரோலிக் பழுது. மிச்சம் அஞ்சு. ஒப்பரேஷன நிப்பாட்டுங்க எண்டாச்சு. கிளம்பக்குள்ள ஒரு ஹெலி பெட்ரோல் ஏத்தி வந்த பெரிய விமானத்தில மோதி எட்டுப் பேர் எரிஞ்சு செத்தாங்க. உலகத்திலயே கஷ்டமான செலக்‌ஷன்ல ஒண்டப் பாஸ் பண்ணின ஆக்கள் தெஹ்ரானுக்குள்ள கால் வைக்கவே இல்ல. ஹெலி ஓட்டினவங்க நேவியும் மரீனும், இப்பிடி இரவில தாழப் பறந்து பழகாதவங்க, டெல்டாக்காரரோட சேர்ந்து முழுசா ஒருக்கா ரிகர்சல் பார்க்கவும் இல்ல. அதுக்குப் பிறகுதான் ஸ்பெஷல் போர்சுக்கெண்டே இரவுப் பறப்புக்கு 160வது எண்டு தனி ஹெலிப் படையும், 1987ல எல்லாத்துக்கும் மேல ஒரே கட்டளைப் பீடமும் வந்தது. அந்த எட்டு ஹெலிட கதைய மனசில வெச்சிரிங்க, மறுகா வரும்.

லிஸ்ட்டில எப்பவும் மேல நிக்கிற இஸ்ரேலப் பாருங்க. 1976 ஜூலை, கடத்தின விமானத்தக் கொண்டுபோய் வெச்சிருந்த உகண்டாட என்டெபே. நாலு ஹேர்குலிஸ் விமானம், ஏறத்தாழ 4000 கிலோமீற்றர் பறந்து போய் ஒரு மணித்தியாலத்துக்கு உள்ளுக்குள்ள 102 பணயக்கைதிகள ஏத்திக்கொண்டு வந்தாங்க, கமாண்டர் ஒருத்தர் செத்தார், பணயக்கைதிகள்ல மூணு பேரும் அந்தச் சண்டையில செத்தாங்க, ஆஸ்பத்திரியில இருந்த ஒரு வயசான அம்மாவ பிறகு உகண்டாக்காரர் கொலை செய்திட்டாங்க. இது எப்பிடி முடிஞ்சது? கடத்தினவங்க இஸ்ரேல்காரர் இல்லாத ஆக்கள முதல்லயே விட்டுட்டாங்க, அவங்க பாரிசுக்கு வந்ததும் ஆள் ஆளா விசாரிச்சு எத்தின பேர், எங்க நிக்கிறாங்க, என்ன துவக்கு எண்டு எல்லாம் எடுத்திட்டாங்க. அதோட அந்தப் பழைய டெர்மினல் இஸ்ரேல் கம்பனி ஒண்டு கட்டினது, ப்ளேன் கையில. இனி அதே படை, சயரட் மத்கல், ரெண்டு வருஷத்துக்கு முதல் 1974 மே மாசம் மாலோட் எண்டுற ஊர் ஸ்கூல்ல பிள்ளைகளப் பிடிச்சு வெச்சிருந்தப்ப உள்ளுக்குப் போனது. இருபதுக்கு மேல பிள்ளைகள் செத்தாங்க. என்டெபேய மட்டும் வீடியோ போடுறவன் மாலோட்டப் போடமாட்டான்.

லண்டன்ல 1980 மே 5, ஆயுதக்காரர் ஆக்களப் பிடிச்சு வெச்சிருந்த ஈரான் எம்பசி. ரீவியில லைவ்வாப் போனதால எஸ்ஏஎஸ்ஸுக்கு ஒரே நாள்ல உலகப் புகழ். 17 நிமிஷம். ஆனா அதுக்கு முதல் ஆறு நாள் இருந்தது பாருங்க, அந்த ஆறு நாள்ல எம்பசிக் கட்டிடத்தின்ட மொடல் கட்டி ரிகர்சல், கட்டிடம் பார்க்கிற ஆளக் கூப்பிட்டு எந்த ஜன்னல் உடையும் எது குண்டு துளைக்காத கண்ணாடி எண்டு கேட்டது, சுவர்ல துளை போட்டு மைக் வைக்கிற சத்தம் கேக்காம இரிக்க மேலால விமானங்களத் தாழப் பறக்க விட்டது. அப்பிடியிருந்தும் கயித்தில இறங்கின ஒருத்தர் சிக்கித் தொங்கி, ஜன்னல் திரை பத்தி எரிஞ்ச நெருப்பில கால் வெந்து, இன்னொருத்தன்ட கால் பட்டு ஜன்னல் உடைஞ்சு சத்தம் போய், நேரத்துக்கு முதல் தொடங்க வேண்டியதாப் போயிட்டு.

இதுக்கு மற்றப் பக்கம் நம்மட கண்ணுக்கு முன்னால நடந்தது. 1987 ஒக்ரோபர் 11 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானம். புலிகளின்ட தலைமைய ஒரேயடியாப் பிடிக்கலாம் எண்டு இந்திய ஆமிட பரா கொமாண்டோக்களயும் 13வது சீக் லைட் இன்பன்ரியில ஒரு பிளாட்டூனயும் ஹெலியில இறக்கினாங்க. அவங்கட ரேடியோக் கதைய மற்றப் பக்கம் முதல்லயே ஒட்டுக் கேட்டுட்டு. இறங்கின ஹெலிக்கு நாலு பக்கத்தாலயும் சூடு, அடுத்த ஹெலிகள் வரேலாமப் போயிட்டு. சீக் பிளாட்டூன் 30 பேர்ல 29 பேர் செத்தாங்க, ஒருத்தர் பிடிபட்டார். பரா கொமாண்டோக்கள் வீடுகளுக்குள்ள புகுந்து தாக்குப் பிடிச்சு அடுத்த நாள் வரைக்கும் இருந்து, ஆறு பேர இழந்து, ரோட்டில கண்ணிவெடி எண்டு தண்டவாளத்தால வந்த டாங்கிட உதவியோட வெளிய வந்தாங்க. அவங்கட ட்ரெயினிங்கில ஒரு குறையும் இல்ல, தாக்குப் பிடிச்சதே அதாலதான். ஆனா எதிராளி ஆயத்தமாக் காத்துக்கொண்டிரிக்கிற இடத்தில இறக்கிட்டு நீ எலீட் எண்டா என்ன செய்யலாம்?

மும்பாய் 2008ல இந்தியாட கொமாண்டோப் படை என்எஸ்ஜிக்கு வேற பிரச்சினை, அவங்க இருந்தது டெல்லிக்குக் கிட்ட மானேசர்ல, விமானம் நிண்டது சண்டிகரில. இரவு ஒன்பதரை போலத் தொடங்கின தாக்குதலுக்கு அவங்க மும்பாயில இறங்கக்குள்ள விடியச் சாமம் ஆயிட்டு. மார்கோஸ் மும்பாயிலயே இருந்ததால அவங்க முதல்ல போயிட்டாங்க. அடுத்த வருஷம் என்எஸ்ஜிக்கு மும்பாய், சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா எண்டு நாலு இடத்தில முகாம் போட்டாங்க. சண்டிகர்ல நிண்ட ஒரு விமானம் கத்துக் குடுத்த பாடம் அது.

இனி இஞ்ச, நம்மட பக்கம். இலங்கை ஆமிட ஸ்பெஷல் போர்சில இருந்து வந்த ஆழ ஊடுருவும் படையணி எண்டுறது சின்னச் சின்னக் குழுவாக் காட்டுக்குள்ள போய், நாள் கணக்காக் கிடந்து, கிளைமோர்க் கண்ணிவெடி வெச்சிட்டு வாற ஆக்கள். 2001 செப்டெம்பர்ல ஒட்டுசுட்டான் பக்கம் புலிகளின்ட விமானப் பிரிவ உருவாக்கின சங்கர் செத்தது அப்பிடி. அடுத்த ஜனவரி 2ம் திகதி, சமாதானப் பேச்சு வாற நேரம், அத்துருகிரியவில அவங்க இருந்த வீட்ட அவங்கட நாட்டுப் பொலிசே போய் உடைச்சு ஆக்களக் கைது செய்து, ரகசியமா இருந்ததெல்லாம் பேப்பர்ல வந்தது. அவங்களோட வேலை செய்த தமிழ் ஆக்கள் கன பேர் மறுகா ஒவ்வொருத்தராச் சுடப்பட்டாங்க. காட்டுக்குள்ள எதிரியால பிடிக்கேலாத படை, சொந்தத் தலைநகரத்துக்குக் கிட்ட ஒரு வீட்டில பிடிபட்டு நிண்டது.

கிழக்கு 2007ல கைமாறினதையும் இப்பிடித்தான் பார்க்கணும். ஜனவரியில அம்பாறைப் பக்கம் கஞ்சிகுடிச்சாறு காட்டுக்குள்ள அதிரடிப்படை போனது, ஜூலை 11ல குடும்பிமலை விழுந்தது, சிங்களத்தில தொப்பிகல, வெள்ளைக்காரன் காலத்து மெப்பில பரன்ஸ் கெப். கொமாண்டோவும் ஸ்பெஷல் போர்சும் அதில முக்கியமா நிண்டது உண்மை. ஆனா 2004 மார்ச்சில புலிகளின்ட கிழக்குத் தளபதி கருணா பிரிஞ்சதோட கிழக்கின்ட ஒவ்வொரு காட்டுப் பாதையும், தண்ணி எங்க, கேம்ப் எங்க, ஆர் எந்த ஊரில இரிக்கிறான் எண்டுறதும் மற்றப் பக்கத்துக்குப் போயிட்டு. அதோட மட்டக்களப்பு அம்பாறைப் பொடியன்மாரக் கொண்டு 1993ல உருவாகி, வன்னிக்கும் போய்ச் சண்டை பிடிச்ச ஜெயந்தன் படையணி எண்டுற பெரும் பலமும் கிழக்கில பழைய மாதிரி இல்லாமப் போயிட்டு. மாதுறு ஓயாவில எத்தின மாசம் ட்ரெயினிங் எடுத்தாலும் குடும்பிமலைக் காட்டில எந்தக் குளத்தில ஆனியில தண்ணி நிக்கும் எண்டு அங்க மாடு சாய்க்கிற ஆளுக்குத் தெரியிற அளவுக்குத் தெரியாது. புலிகளின்ட பக்கமும் இதே கணக்குத்தான், 2007 ஒக்ரோபர்ல 21 பேர் அனுராதபுரம் விமானத் தளத்துக்குள்ள போய்ச் செய்தத எல்லாரும் கதைப்பாங்க, 1995 ஜூலையில மணலாறு முகாம்கள அடிக்கப் போய், விஷயம் முதல்லயே கசிஞ்சதால பெரிய இழப்போட திரும்பினதக் கதைக்கிறது குறைவு.

கடல்லயும் ஒரு நல்ல உதாரணம் இரிக்கு, சுருக்கமாச் சொல்லுறன். கடற்புலி சின்னப் படகுகளக் கூட்டமா விட்டு நேவிட டோரா வேகப் படகச் சுத்தி அடிக்க, நேவி பெரிய கப்பல் வாங்கிக் குவிக்காம மீன்பிடி போட் சைசில 18 அடி, 23 அடி பைபர் படகு, அரோ போட் எண்டு சொல்லுற அத, உள்ளூரிலயே கட்டி அதையும் கூட்டமா விட்டது. நேவிட கொமாண்டோப் பிரிவு ஸ்பெஷல் போட் ஸ்குவாட்ரன்ட பேர் எடுபட்டதுக்கு அந்த பைபர் படகுக்கும் பாதிப் பங்கு இரிக்கு.

இனி ஆரும் கதைக்க விரும்பாத பக்கம். அதிரடிப்படைய எண்பதுகள்ல ட்ரெயின் பண்ணினது கேஎம்எஸ் எண்டுற பிரிட்டிஷ் பிரைவட் கம்பனி, கீனி மீனி சேர்விசஸ், நடத்தினது பழைய எஸ்ஏஎஸ் ஒபிசர்மார். 1984ல கட்டுகுருந்தவுக்கு வந்தாங்க. அப்ப மருமகன், நீ பெஸ்ட் எண்டு சொல்லுற அந்த எஸ்ஏஎஸ்ட பாடம் நாப்பது வருஷத்துக்கு முதலே நம்மட ஊருக்கு வந்திட்டு. வந்து என்ன நடந்தது? 1987 ஜனவரி 28, படுவான்கரையில கொக்கட்டிச்சோலை. மகிழடித்தீவு இறால் பண்ணையில வேலை செய்த ஆக்கள் உட்பட சனம் சுடப்பட்டது அதிரடிப்படைட ஒப்பரேஷன்ல. அங்க இண்டைக்கும் வருஷா வருஷம் விளக்கு வைக்கிறாங்க. சுடப் பழக்கிறது, மெப் வாசிக்கப் பழக்கிறது, பதுங்கிப் போகப் பழக்கிறது இதெல்லாம் கம்பனி வந்து சொல்லிக் குடுக்கும். ஆரச் சுடக்கூடாது எண்டுறதும், சுட்டா ஆர் கேப்பாங்க எண்டுறதும் அனுப்புறவன்ட கையில இரிக்கிற விஷயம். அப்ப கேக்க ஒருத்தரும் இருக்கல்ல.

இது ஏழை நாட்டு வருத்தம் எண்டு நினைக்காதீங்க. ஒஸ்திரேலியாட எஸ்ஏஎஸ் ரெஜிமென்ட், அதுவும் அதே பரம்பரை, அதே செலக்‌ஷன், ஆப்கானிஸ்தான்ல பெரிய பேர், பதக்கம் எல்லாம். 2020 நவம்பர்ல அவங்கட சொந்த ஆமிட விசாரணை அறிக்கையே வந்தது, ஒஸ்திரேலியாட ஸ்பெஷல் போர்சால 39 பேர் சட்டவிரோதமாக் கொல்லப்பட்டதுக்கு நம்பத்தகுந்த தகவல் இரிக்கெண்டு. கைதிகள், தோட்டக்காரர், ஊர்ச் சனம். அந்த ரெஜிமென்ட்டில ஒரு ஸ்குவாட்ரனயே கலைச்சிட்டாங்க. அதுக்கு முதல் இந்த ஆக்களின்ட ரெக்கோட் எண்டு காட்டினதில அந்த 39 பேரும் எதிரி எண்டுதான் எண்ணப்பட்டிருக்கும்.

ரெக்கோட் எண்டுற வார்த்தையில எனக்கு இரிக்கிற பிரச்சினையே இதுதான். ஆர் எண்ணினது, எத எண்ணினது? 2002 ஒக்ரோபர்ல மொஸ்கோ தியேட்டர்ல ரஷ்யாட அல்பா படை உள்ள போனது. சனத்தப் பிடிச்சு வெச்சிருந்த ஆயுதக்காரர் நாப்பது பேரும் செத்தாங்க. கொமாண்டோ கணக்கில முழு வெற்றி. ஆனா மயக்கிறதுக்கு உள்ள விட்ட வாயுவால பணயக்கைதிகள் ஏறத்தாழ 130 பேர் செத்தாங்க, வெளிய நிண்ட டொக்டர்மாருக்கு என்ன வாயு எண்டு கூடச் சொல்லல்ல, அதனால மருந்து குடுக்கத் தெரியாமலும் ஆக்கள மல்லாக்கப் போட்டதாலயும் கன சீவன் போனது. லிஸ்ட்டில இதுக்கு எத்தின மார்க் போடுறது?

இவ்வளவத்தையும் கேட்டுட்டு மருமகன் போன்ல கேட்டான், "அப்ப மாமா, ட்ரெயினிங்கால ஒரு பிரயோசனமும் இல்ல எண்டுறீங்களா?" நல்ல கேள்வி. இரிக்கு. எங்க இரிக்கெண்டு காட்டுறதுக்கு ஒரே படைட ரெண்டு கதை.

2005 ஜூன் 28, ஆப்கானிஸ்தான்ல குனார் மலை. நாலு சீல்காரர் ரகசியமா ஒரு ஊரப் பார்த்துக்கொண்டிரிக்கப் போனாங்க. ஆடு மேய்க்கிற ஆக்கள் கண்டுட்டாங்க. விட்டாங்க. கொஞ்ச நேரத்தில சுத்தி வளைப்பு, ரேடியோ மலைக்குள்ள வேலை செய்யல்ல. மூணு பேர் செத்தாங்க. உதவிக்கு வந்த சினூக் ஹெலியச் சுட்டு விழுத்த அதில இருந்த 16 பேரும் செத்தாங்க. ஒரே நாள்ல 19 பேர். அந்த நாலு பேரும் அதே கொரனாடோ மணலில உருண்டு, அதே மணிய அடிக்காம நிண்ட ஆக்கள்தான். கடைசி வரைக்கும் சண்டை பிடிச்சாங்க, ட்ரெயினிங் அதுக்கு மேல செய்ய ஒண்டும் இருக்கல்ல.

மற்றது எல்லாருக்கும் தெரிஞ்ச 2011 மே 2, பாகிஸ்தான் அபோத்தாபாத், பின் லாடன் இருந்த வீடு. அமெரிக்காவில அதே மாதிரி ஒரு வளவு கட்டித் திரும்பத் திரும்ப ரிகர்சல். ஆனா அதில ஒரு சின்னப் பிழை. அசல் வீட்டச் சுத்தி ஆள் உயரத்துக்கு ரெண்டு மூணு மடங்கு கல் மதில், ரிகர்சல்ல மதிலுக்குப் பதிலா கம்பி வலை வேலி. ஹெலி கீழ தள்ளுற காத்து கம்பி வலைக்குள்ளால வெளிய போயிடும், கல் மதிலுக்குள்ளால போகாது. அண்டிரவு முதல் ஹெலி வளவுக்கு மேல நிக்கப் பார்க்க, அதின்ட காத்தே சுழண்டு வந்து அதத் தூக்க விடாமப் பண்ணிட்டு. பைலட் மூக்க நிலத்தில குத்தி இறக்கிட்டார், வால் மதில்ல மாட்டிட்டு. தெஹ்ரான் கதை திரும்பவும் வரப்போகுதெண்டுதான் அந்த நேரம் வாஷிங்டன்ல திரையப் பார்த்துக்கொண்டு இருந்தவங்க நினைச்சிருப்பாங்க.

உள்ள இருந்தவங்க வெளிய குதிச்சு, கீழால கதவக் குண்டு வெச்சு உடைச்சுக்கொண்டு போனாங்க. ரெண்டாவது ஹெலி இதக் கண்டதும் கூரையில ஆக்கள இறக்கிற ப்ளேன விட்டுட்டு வளவுக்கு வெளிய இறக்கிட்டு. ஒருத்தருக்கும் புது உத்தரவு வரல்ல, ஒருத்தரும் கேக்கவும் இல்ல. தலையில தோணியோட நித்திரை இல்லாம நிக்க வெச்சுப் பழக்கினது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் எண்டு நினைக்கிறன், போட்ட ப்ளேன் காலுக்குக் கீழ உடையிற நிமிஷம். ஆனா திரும்பி வந்தது அதால இல்ல. ஹெலி ஒண்டு போகும் எண்டு முதல்லயே யோசிச்சு மேலதிகமா சினூக் கொண்டுவந்து பக்கத்தில நிப்பாட்டியிருந்தாங்க. முப்பது வருஷத்துக்கு முதல் ஈரான்ல எட்டு ஹெலி அஞ்சாப் போன கணக்க ஒருத்தர் மறக்காம வெச்சிருந்திரிக்கார். நாப்பது நிமிஷம் போல உள்ளுக்கு நிண்டு, பழுதான ஹெலிக்குக் குண்டு வெச்சு எரிச்சிட்டு அந்தச் சினூக்கில ஏறிப் போயிட்டாங்க, அவங்கள்ல ஒருத்தரும் சாகல்ல. விடியக் காலையில ஊர்ப் பொடியன்மார் வந்து பார்க்கக்குள்ள மதிலுக்கு அங்கால வால் மட்டும் எரியாமக் கிடந்தது, ரேடாருக்குத் தெரியாத மாதிரிச் செய்த அந்த ஹெலிட வால், அதுவரைக்கும் உலகத்தில ஒருத்தரும் காணாத சாமான்.